மேலுரம் மட்டும் போட்டா பயிர் நிக்குமா?

வரப்புல வச்ச துவரை பத்தி எழுதறேன்னு போன பதிவுல சொல்லியிருந்தேன். அது அடுத்த தடவை. ரெண்டு வாரமா வேற ஒண்ணு மனசைப் போட்டு அரிச்சுக்கிட்டு இருக்கு, அதை முதல்ல சொல்லிடறேன்.

எங்க வீட்டுப் பின்னாடி வேப்பமரத்தடியில ஒரு நீல டிரம் எப்பவும் இருக்கும். ஞாயித்துக்கிழமை மீன் கடையில மிச்சமாகிற தலை, குடல், செதில் எல்லாம் வாங்கிட்டு வந்து, எடைக்கு எடை வெல்லம் போட்டு மூடி வச்சா, இருபது இருபத்தஞ்சு நாள்ல தேன் நிறத்துல சாறு இறங்கும். மீன் அமிலம். இங்க வழக்கமா படிக்கிறவங்களுக்கு இது புதுசில்ல. இதையே மீன் அமினோ அமிலம்னும் சொல்வாங்க. 10 லிட்டர் தண்ணிக்கு 50லேர்ந்து 100 மில்லி கலந்து அடிச்சா கத்தரி, வெண்டை எல்லாம் நாலு நாள்ல கரும்பச்சை கட்டும்.

ஆவணியில ஒரு ஞாயிறு நான் அந்த டிரம்மைக் கிண்டிக்கிட்டு இருந்தப்ப தம்பி மகள் வந்தா. மூக்கைப் பொத்திக்கிட்டே, "இதுல என்ன இருக்கு பெரியப்பா?"ன்னு கேட்டா. "அமினோ அமிலம் கண்ணு"ன்னேன். சிரிச்சுட்டு, கைப்பையிலேர்ந்து ஒரு பாட்டிலை எடுத்து ஆட்டிக் காட்டினா. இளஞ்சிவப்பா ஒரு தண்ணி. "நானும் அதைத்தான் குடிக்கிறேன். உங்க செடிக்கு மீன் நாத்தம், எனக்குத் தர்பூசணி வாசனை."

அன்னிக்கு நானும் சேர்ந்துதான் சிரிச்சேன்.

ஐப்பசி கடைசியில ஒரு நாள் காலையில கிண்டிக்கு வேலைக்குப் போறதுக்காக ஊரப்பாக்கம் ஸ்டேஷன் படிக்கட்டு ஏறினவ, பாதியில அப்படியே உட்கார்ந்து சரிஞ்சுட்டா. பூ விக்கிற அம்மா ஒருத்தங்க தாங்கிப் பிடிச்சு, முகத்துல தண்ணி அடிச்சு, அவ போன்லேர்ந்தே எங்களுக்குக் கூப்பிட்டாங்க. டாக்டர் பார்த்துட்டு ரத்த அழுத்தம் இறங்கிருக்கு, பொட்டாசியம் இறங்கிருக்குன்னாரு. என்ன சாப்பிடறேன்னு கேட்டாரு. அவ வரிசையாச் சொன்னா: காலையில ஒரு கரண்டி பவுடர் தண்ணியில, மத்தியானம் வெள்ளரிக்காய், ஒரு ஆப்பிள், சாயந்திரம் இன்னொரு கரண்டி, ராத்திரி தெளிவா ஒரு சூப். நடுவுல அமினோ மாத்திரை. ஆறு வாரத்துல 7 கிலோ குறைஞ்சிருக்கா. "இது டயட் இல்லம்மா, விரதம்"னாரு டாக்டர். "இல்ல சார், புரதத்துக்குத்தான் அமினோ எடுக்கறேனே"ன்னு இவ சொல்றா. அவ சொன்ன அந்த ஒரு வரிதான் இந்தப் பதிவு.

தை மாசம் அவளுக்குக் கல்யாணம். நிச்சயதார்த்தப் பந்தியில மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தங்க, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, கொஞ்சம் இளைச்சா நல்லாருக்கும்"னாங்க. எங்க பக்கத்துப் பெண்களும் ஆமாம்னு தலையாட்டினாங்க. நான் பக்கத்து இலையில உட்கார்ந்து பாயசம் குடிச்சுக்கிட்டு இருந்தேன், வாயைத் திறக்கல. அதனால உடற்பயிற்சிக் கூடத்தை மட்டும் குத்தம் சொல்லிட்டு நான் தப்பிச்சுக்க முடியாது.

இன்னொண்ணையும் முன்னாடியே சொல்லிடறேன். எங்ககிட்ட நாப்பது கோழி இருக்கு, முட்டை விக்கிறோம். முட்டைக்காரன் பவுடரைத் திட்டறான்னு நீங்க நினைச்சா அதுல நியாயம் இருக்கு. அதை மனசுல வச்சுக்கிட்டே படிங்க.

அமினோ அமிலம்னா கெட்டது இல்ல. புரதம்ங்கிறதே அமினோ அமிலங்கள் கோத்த மாலைதான். நம்ம உடம்பு சுமார் 20 வகையை வச்சு எல்லாப் புரதத்தையும் கட்டுது. அதுல 9 வகையை உடம்பால செஞ்சுக்க முடியாது, சாப்பாட்டுலதான் வரணும். லைசின், மெத்தியோனின், ட்ரிப்டோஃபேன், லியூசின்னு போகும் பட்டியல். இந்த 9ல ஒண்ணு குறைஞ்சாலும், மீதி எட்டு எவ்வளவு கொட்டிக் கிடந்தாலும் கட்டட வேலை அந்த ஒண்ணோட அளவுக்குத்தான் நடக்கும்.

இது விவசாயிக்குப் புதுப் பாடம் இல்ல. லீபிக்னு ஒரு ஜெர்மன்காரர், 19ஆம் நூற்றாண்டுல, பயிர் விளைச்சலுக்கு இதைத்தான் சொன்னாரு. பலகை பலகையா அடிச்ச மரப்பீப்பாயில ஒரு பலகை குட்டையா இருந்தா தண்ணி அந்த உயரத்துக்குமேல நிக்காது. நெல்லுக்கு யூரியாவா கொட்டறோம், பயிர் மஞ்சளாவே நிக்குது, இலையில துரு மாதிரி புள்ளி. இன்னும் கொஞ்சம் யூரியா போடுன்னு பக்கத்து வயக்காரர் சொல்வாரு. ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட் போட்டவுடனே பத்து நாள்ல பயிர் எழுந்து நிக்கும். குறைஞ்சது துத்தநாகம், நாம கொட்டினது தழைச்சத்து.

தம்பி மகள் குடிச்ச டப்பாவை வாங்கிப் பார்த்தேன். பி.சி.ஏ.ஏ.ன்னு போட்டிருந்துது. 9ல வெறும் 3 தான் அதுல: லியூசின், ஐசோலியூசின், வாலின். ஒரு கரண்டிக்கு 5 கிராம். இந்த மூணுல லியூசினுக்கு ஒரு விசேஷம் உண்டு, அது உண்மை. தசை கட்டற வேலையை ஆரம்பிக்கச் சொல்லி உடம்புக்குக் குரல் கொடுக்கறது அதுதான். ஆனா குரல் கொடுத்தா போதுமா? நடவுக்கு இருபது பேரை வரச் சொல்லியாச்சு, சேறு அடிச்சாச்சு, நாத்துக்கட்டு வந்து சேரல. ஆளுங்க வரப்புல உட்கார்ந்து வெத்தலை போட வேண்டியதுதான். உடம்பு அப்படிச் சும்மா உட்காராது. மீதி ஆறு வகைக்கும் ஏற்கெனவே இருக்கிற தசையைப் பிரிச்சு எடுக்கும். எந்தத் தசையைக் காப்பாத்தறதுக்காக இவ பவுடர் குடிச்சாளோ, அதே தசையிலதான் கை வைக்கும்.

அப்ப இந்த அமினோ எதுக்குமே ஆகாதான்னு கேட்டா, ஆகும். எங்க கோழிக்கே ஆகுது. காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துல கோழி வளர்ப்புப் பயிற்சிக்குப் போனப்ப தீவனக் கணக்கு சொல்லிக் கொடுத்தாங்க. மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் போட்டா எல்லாம் வந்துரும், மெத்தியோனின் மட்டும் கொஞ்சம் இடிக்கும். அதை டன்னுக்கு ஒண்ணு ரெண்டு கிலோ தனியாக் கலந்துட்டா, விலை கூடின பிண்ணாக்கைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம், முட்டையும் குறையாது. நாமக்கல் பண்ணைகள் எல்லாம் இந்தக் கணக்குலதான் ஓடுது. கவனிங்க, ஆயிரம் கிலோ தீவனத்துக்கு ரெண்டு கிலோ. தீவனத்தை நிறுத்திட்டு மெத்தியோனினை மட்டும் தட்டுல போட்டா கோழி என்ன ஆகும்? அடியுரம், தொழுவுரம் எல்லாம் போட்டு வச்ச மண்ணுலதான் மேலுரம் வேலை செய்யும். வெறும் மணல்ல மேலுரம் போட்டா தண்ணியோட போயிரும்.

இங்க ஒருத்தர் குறுக்க வந்து, "மூணு இல்ல அண்ணே, ஒம்போதும் இருக்கிற டப்பா கிடைக்குதே"ன்னு கேக்கலாம். சரியான கேள்வி. அதுக்கும் பழைய கணக்கு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழகத்துல வில்லியம் ரோஸ்னு ஒரு விஞ்ஞானி 1940கள்ல தன்னோட மாணவர்களையே வச்சு ஒரு சோதனை செஞ்சாரு. சாப்பாட்டுல புரதமே கிடையாது. மாவுச்சத்து, சர்க்கரை, வெண்ணெய்க் கொழுப்பு, விட்டமின், அதோட தனித்தனியாச் சுத்தம் பண்ணின அமினோ அமிலங்கள். ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்து, எது இல்லாம உடம்பு நஷ்டத்துல போகுதுன்னு கண்டுபிடிச்சாரு. பெரியவங்களுக்கு எது எது கட்டாயம்னு இன்னிக்கு நாம சொல்ற பட்டியலே அங்கேர்ந்து வந்ததுதான். அவர் 8 சொன்னாரு, அப்புறம் ஹிஸ்டிடினும் சேர்ந்து 9 ஆச்சு. ஆக, அமினோவை வச்சு மனுஷன் ஓட முடியும். பிறவியிலேயே ஃபினைல்அலனினைச் செரிக்க முடியாத குழந்தைங்களுக்கு அந்த ஒண்ணு மட்டும் இல்லாத அமினோ கலவைதான் இன்னிக்கும் முக்கியமான புரதம். டாக்டர் மேற்பார்வையில, வருஷக்கணக்கா.

ஆனா அந்த ரோஸ் இன்னொண்ணையும் கவனிச்சாரு. பால் புரதம் கொடுத்தப்ப உடம்பு சமநிலையில நிக்கறதுக்குப் போதுமா இருந்த கலோரி, அமினோ கலவை கொடுத்தப்ப போதல. கூடக் கொடுக்க வேண்டியிருந்தது. மாவும் சர்க்கரையும் கொழுப்பும் தாராளமா உள்ள போனாத்தான் அமினோ கட்டட வேலைக்குப் போச்சு. டயட்டுங்கிறது என்ன? கலோரியைக் குறைக்கிறது. அப்ப அமினோவை மட்டும் நம்பி உட்கார டயட்டைவிட மோசமான இடம் வேற இல்லைன்னுதானே அர்த்தம்? அடுப்புக்கு விறகு இல்லாத வீட்டுல நாற்காலியை உடைச்சு எரிப்பாங்க. கலோரி பத்தலைன்னா உடம்பும் அந்த 5 கிராம் அமினோவை எரிச்சுட்டுப் போயிரும்.

இதே சண்டை நம்ம நாட்டுலயும் பெரிய அளவுல ஒரு தடவை நடந்துது. 1960கள்ல உலகம் முழுக்க 'புரதப் பஞ்சம்'னு ஒரே பேச்சு. ஏழைக் குழந்தைங்க மெலிஞ்சு கிடக்கிறதுக்குப் புரதம் இல்லாததுதான் காரணம், தானியத்துல குறையற லைசினைச் சேர்த்துட்டா தீர்ந்துதுன்னு நம்பினாங்க. மத்திய அரசு நடத்தின மாடர்ன் பேக்கரீஸ் ரொட்டியில லைசின் சேர்த்தது அந்தக் காலத்துலதான். நம்மில் பலர் சின்ன வயசுல காய்ச்சலுக்குத் தின்ன அதே மாடர்ன் ரொட்டி. அப்ப ஹைதராபாத்ல தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்கு இயக்குநரா இருந்தவர் சி. கோபாலன். சேலத்துல பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சவர். அவரும் கூட இருந்தவங்களும் கிராமத்துக் குழந்தைங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல தினமும் கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் சேர்த்த ஒரு பண்டம் கொடுத்துப் பார்த்தாங்க. சுமார் 300 கலோரி, அதுல புரதம் 3 கிராம்தான். குழந்தைங்க உயரமும் எடையும் கூடிச்சு. 1973ல அதை வெளியிட்டாங்க. தட்டு நிறையாததால உள்ள போற புரதமும் விறகா எரியுது, தட்டை நிறைச்சா இருக்கிற புரதமே வேலை செய்யுதுங்கறதுதான் அவங்க கண்டது. நூறு வயசு தாண்டி வாழ்ந்து 2019ல காலமானாரு. அவரைப் பத்தி நம்ம பாடப்புத்தகத்துல ஒரு பக்கமாவது இருக்கணும்கறது என் ஆசை.

அங்க பசியில கிடந்த குழந்தை, இங்க காசு கொடுத்துப் பசியில கிடக்கற பொண்ணு. உடம்பு போடற கணக்கு ஒண்ணுதான்.

இதைவிட பயங்கரமான கதை ஒண்ணு அமெரிக்காவுல நடந்துது. தம்பி மகள்கிட்ட இதைச் சொன்னப்பதான் அவ போனைக் கீழ வச்சா. 1976ல ராபர்ட் லின்னுங்கற மருத்துவர் 'கடைசி வாய்ப்பு டயட்'னு பொருள் வர்ற பேர்ல ஒரு புத்தகம் போட்டாரு. சோறு, ரொட்டி, கறி எதுவும் வேணாம், ஒரு திரவத்தைக் குடிச்சா போதும், புரதம் அதுல இருக்கு, தசை கரையாது, கொழுப்பு மட்டும் கரையும்னாரு. அந்தத் திரவம் எதுலேர்ந்து வந்துது தெரியுமா? கசாப்புக் கூடத்துல மிச்சமாகிற தோலு, நரம்பு, எலும்பு. அதை நொதி போட்டு அமினோ அளவுக்கு உடைச்சு, கலரும் வாசனையும் இனிப்பும் சேர்த்துப் பாட்டில்ல அடைச்சாங்க. என் நீல டிரம்முக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. அந்தத் தோல் புரதத்துக்குக் கொலாஜன்னு பேரு, அதுல ட்ரிப்டோஃபேன் கிடையாது. ஒரு நாளைக்கு 400 கலோரிகூட வராது. லட்சக்கணக்கான பேரு குடிச்சாங்க. 1977, 78ல திடீர் திடீர்னு சாவு. அரசாங்கம் விசாரிச்சப்ப சுமார் 60 சாவு கணக்குக்கு வந்துது. பெரும்பாலும் பெண்கள். அதுக்கு முன்னாடி இதய நோயே இல்லாதவங்க பல பேரு, இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்திருந்தாங்க. இதயமும் தசைதானே. பொட்டாசியக் குறைவா, புரதத்தோட தரமா, வெறும் பட்டினியான்னு டாக்டர்கள் ரொம்ப நாள் வாதாடினாங்க. மூணுமே ஒரே பாட்டில்லதான் இருந்துது. நல்ல மாவுப்பொருளைச் சேர்த்துக் குடிச்சிருந்தா இப்படி ஆகியிருக்குமான்னு எனக்குத் தோணும், ஆனா அப்படிக் குடிச்சா இளைக்க மாட்டாங்களே, யாரு வாங்குவா.

அதே கொலாஜன் இன்னிக்குத் தோல் பளபளப்புக்குன்னு திரும்ப வந்திருக்கு. அழகுக்கு வாங்கறவங்க வாங்கட்டும். அதைப் புரதக் கணக்குல எழுதிடாதீங்க, அவ்வளவுதான்.

1989ல இன்னொண்ணு. தூக்கத்துக்குன்னு வித்த ட்ரிப்டோஃபேன் மாத்திரை சாப்பிட்டு அமெரிக்காவுல 1500 பேருக்கு மேல தசைவலி நோய் வந்து, 37 பேராவது இறந்தாங்க. பெரும்பாலும் ஒரே ஜப்பான் கம்பெனியோட சரக்கு. சாப்பாட்டுல இருக்கிற ட்ரிப்டோஃபேன் யாரையும் அப்படிப் பண்ணினதில்ல.

சரக்குன்னதும் ஞாபகம் வருது. டப்பாவுல எழுதியிருக்கிற புரதக் கணக்கை நம்பலாமா? மாட்டுத் தீவன மூட்டை வாங்கறவங்களுக்கு இந்தச் சூட்சுமம் புரியும். மூட்டையில 'கச்சாப் புரதம் 20 சதவீதம்'னு போட்டிருக்கும். யாரும் உள்ள போயி புரதத்தை எண்ணிப் பார்க்கறதில்ல. நைட்ரஜனை அளந்து 6.25ஆல பெருக்கறாங்க. டென்மார்க்காரர் கெல்டால் 1883ல சொன்ன முறை, இன்னிக்கும் அதுதான். யூரியாவுல 46 சதவீதம் நைட்ரஜன். பெருக்கிப் பாருங்க, 287 சதவீதம் புரதம்! யூரியாவைவிடச் சத்தான சாப்பாடு உலகத்துலேயே கிடையாது, காகிதத்துல. மாடு அதைக் கொஞ்சம் சமாளிக்கும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைக் கரைச்சுத் தெளிச்சு மூணு வாரம் மூடி வச்சுக் கொடுக்கிறோம், அதோட முதல் வயித்துல இருக்கிற நுண்ணுயிர் அதை வச்சே அமினோ அமிலம் செஞ்சு கொடுத்துரும். நமக்கு அந்த வயிறு இல்லை. 2008ல சீனாவுல பால்ல மெலமின் கலந்தது இதே நைட்ரஜன் கணக்கை ஏமாத்தத்தான். ஆறு குழந்தைங்க செத்தாங்க, லட்சக்கணக்கான குழந்தைங்களுக்குச் சிறுநீரகம் பாதிச்சுது. புரதப் பவுடர்லயும் கிளைசின், டாரின் மாதிரி மலிவான அமினோவைச் சேர்த்து நைட்ரஜனை ஏத்திக் காட்டற வேலை நடக்குது. 2024ல கேரளத்து மருத்துவர்கள் சேர்ந்து, இந்தியாவுல விக்கிற 36 புரதப் பொருள்களைப் பரிசோதிச்சதுல பத்துக்கு ஏழு டப்பாவுல எழுதினதும் உள்ள இருந்ததும் பொருந்தல. அதே வருஷம் மே மாசம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், உடம்பு ஏத்தறதுக்காகப் புரதப் பவுடர் எடுக்கறதைத் தவிர்க்கச் சொல்லுது.

இப்ப உடற்பயிற்சிக் கூடத்துத் தம்பி பக்கம் இருக்கிற நியாயத்தையும் சொல்லணும். "உங்க சாப்பாட்டுல புரதம் ரொம்பக் கம்மி"ன்னு அவர் முதல் நாளே சொன்னாராம். அது நூத்துக்கு நூறு சரி. நம்ம தட்டைப் பாருங்க. சோறு மலை மாதிரி, அதுமேல சாம்பார், அந்தச் சாம்பார்ல பருப்பு எங்கன்னு தேடணும். வெள்ளைக்காரன் காலத்துல குன்னூர்ல ராபர்ட் மெக்காரிசன்னு ஒருத்தர் ஒவ்வொரு மாகாணத்துச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டு வளர்த்தாரு. கோதுமை, பால், பருப்பு, காய்னு தின்ன பஞ்சாப் எலி கொழுகொழுன்னு நின்னுது. நம்ம மதராஸ் அரிசிச் சாப்பாட்டு எலி கடைசி வரிசை. 1918ல குன்னூர்ல அவர் ஆரம்பிச்ச அந்த இடம்தான் வளர்ந்து ஹைதராபாத்துக்குப் போயி தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாச்சு. நூறு வருஷமா ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

அதனால இளைக்கணும்னா குறைக்க வேண்டியது சோத்து மலையை. பருப்பு, முட்டை, மீன், தயிர் குறையக் கூடாது, முன்னைவிடக் கூடணும். சாதாரணமா எடைக் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம்னு நம்ம நாட்டு அளவு. சாப்பாட்டைக் குறைக்கிறப்ப 1.2 கிராமுக்காவது ஏத்துங்கறாங்க, தசையைக் காப்பாத்த. 65 கிலோ பொண்ணுக்கு 54 போதும்னா, டயட்ல 78. அவகூட உட்கார்ந்து ஒரு தாள்ல கணக்குப் போட்டேன். ரெண்டு முட்டை 12 கிராம். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊற வச்சுச் சுண்டல் பண்ணினா 10. துவரம்பருப்பு 60 கிராம், கெட்டியா, 13. மீன் 100 கிராம் 18. பாலும் தயிருமா 300 மில்லி, 10. வேர்க்கடலை ஒரு கை, 6. அரிசியை 100 கிராமோட நிறுத்தினாலும் அதுல ஒரு 7 வருது. கூட்டினா 76. காய், எண்ணெய் எல்லாம் சேர்த்து 1500 கலோரி பக்கம்தான். இதுலயும் இளைக்கும், ஆறு வாரத்துல 7 கிலோ இளைக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். அவ அதுக்கு முன்னாடி சாப்பிட்டது 500 கலோரிகூடத் தேறாது.

மீன் சாப்பிடாதவங்க பச்சைப்பயறு, மொச்சை, சோயா, பன்னீர்னு மாத்திக்கலாம். அரிசியில லைசின் குறைச்சல், பருப்புல மெத்தியோனின் குறைச்சல். ரெண்டையும் சேர்த்துத் தின்னா ஒண்ணோட குட்டைப் பலகையை இன்னொண்ணு நீட்டிடும். பொங்கலும் இட்லியும் கண்டுபிடிச்சவளுக்கு லீபிக் யாருன்னு தெரியாது. ஆனா நாலுக்கு ஒண்ணு உளுந்து போட்டா. இப்ப கடையில வாங்கற மாவுல அந்த ஒண்ணும் அரையாயிடுச்சு, அது தனிப் பதிவா எழுத வேண்டிய வயித்தெரிச்சல்.

ஒரு குழப்பம் வேணாம். வே புரதம்னு விக்கிறாங்களே, அது பாலைத் திரிச்சு எடுத்த பிறகு நிக்கற தண்ணியிலேர்ந்து வர்றது. அதுல ஒம்போதும் இருக்கு. நல்ல கம்பெனியா, கலப்படம் இல்லாம கிடைச்சா அது முழுப் புரதம்தான், சாப்பிட நேரமில்லாதவங்க குடிச்சா நான் சண்டைக்கு வர மாட்டேன். என் சண்டை அமினோ பவுடரைப் புரதத்துக்குப் பதிலா நிறுத்தறதோட மட்டும்தான். சிறுநீரகக் கோளாறு இருக்கறவங்க மட்டும் முட்டையோ பவுடரோ, எதைக் கூட்டறதா இருந்தாலும் டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யணும்.

காசுக் கணக்கும் பார்த்துடலாம். அவ வாங்கின டப்பா 2,200 ரூபா. 30 கரண்டி, மொத்தம் 150 கிராம் பி.சி.ஏ.ஏ. ஒரு முட்டையில அந்த மூணு அமினோவும் சேர்ந்து 1.3 கிராம் அளவுக்கு இருக்கு. ஆக ஒரு கரண்டிக்கு நாலு முட்டை, டப்பாவுக்கு 120 முட்டை. கடை முட்டை 7 ரூபான்னு வச்சா 840. மீதி ஆறு அமினோவும் மஞ்சக்கருவும் இலவசம். நாட்டுக்கோழி முட்டைன்னா விலை கூடும், அதைச் சொல்லி வியாபாரம் பண்ண விரும்பல.

இதெல்லாம் கேட்டுட்டு அவ கடைசியில ஒண்ணு சொன்னா. "பெரியப்பா, நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா எல்லாரும் எதிர்ல உட்கார்ந்து என் இலையையே பார்க்கறப்ப ரெண்டு முட்டையும் சுண்டலும் எப்படிச் சாப்பிடறது? பாட்டில்ல குடிச்சா யாரும் எதுவும் கேக்கறதில்ல." எனக்கு அதுக்குப் பதில் தெரியல. லைசின், லீபிக்னு அவ்வளவு பேசினவன் அப்படியே உட்கார்ந்துட்டேன்.

மறுநாள் தம்பியையும் கூட்டிக்கிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். மண்டபம், பத்திரிகைன்னு பேசிட்டு, கிளம்பறப்ப சம்பந்தியம்மாகிட்ட, "பொண்ணு ஸ்டேஷன்ல மயங்கி விழுந்துட்டா, இனிமே இளைக்கிற பேச்சு வேணாம்மா"ன்னேன். அந்தம்மா பதறிப் போயிட்டாங்க. "நான் சும்மா வாய் வார்த்தைக்குச் சொன்னேன்"னாங்க. உண்மையாவே அப்படித்தான் இருக்கும். பந்தியில சொல்ற வார்த்தைக்கு யாரு எடை போட்டுப் பார்க்கறாங்க. மாப்பிள்ளைப் பையன் மட்டும் வாசல் வரைக்கும் வந்து, இப்ப எப்படி இருக்கான்னு ரெண்டு தடவை கேட்டான்.

இப்ப வாரத்துக்கு ரெண்டு நாள் இங்க வந்து முட்டை எடுத்துட்டுப் போறா. ரெண்டு கிலோ திரும்ப ஏறியிருக்காம், சொல்றப்ப முகம் கொஞ்சம் வாடத்தான் செய்யுது. ரவிக்கையைத் திரும்பப் பிரிச்சுத் தைக்கணும்னு தையல்காரம்மா முணுமுணுக்கறாங்களாம். பாதி டப்பா பவுடரை எங்க வீட்டுலயே விட்டுட்டா. தூக்கிப் போட மனசு வரல, 1,100 ரூபா சரக்கு. மீன் அமிலத்தோட கலந்து ஒரு பாத்தி கத்தரிக்கு அடிச்சுப் பார்க்கலாமான்னு யோசனை. அதுல இருக்கிற தர்பூசணி வாசனைக்கு எறும்பு ஏறுமோன்னுதான் பயமா இருக்கு. யாராவது முயற்சி பண்ணியிருந்தா சொல்லுங்க.